நாற்பத்திரண்டு வெறும் வயிறுகள்

அத்தியாயம் 9

முப்பத்தொன்றாவது ஆளுக்கு இரத்தம் எடுத்து முடித்த பிறகுதான், தான் செய்துவைத்திருக்கும் காரியம் டாக்டர் றொனால்டுக்குத் தெரிந்தது.

அந்த முப்பத்தொன்றாவது ஆள் அழகம்மா. கிறேவன்ஹில் தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறவர். கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்தார். அவருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்வோமே என்று றொனால்ட் நினைத்தார். அப்படி நினைக்காமல் இருந்திருக்கலாம்.

"பசியோட இவ்வளவு நேரம் நின்னுட்டீங்க அக்கா. தலை சுத்துதா?"

"அதெல்லாம் இல்லீங்க தம்பி. காலையில ரெண்டு கோப்பை சாயத்தண்ணி குடிச்ச தெம்பு இருக்குல்ல."

சாயத்தண்ணி என்றால் பாலில்லாத தேநீர். றொனால்டின் கையிலிருந்த இரத்தக் குப்பி அப்படியே நின்றது.

"ஒண்ணும் சாப்பிடாம வரச் சொன்னேனே அக்கா."

"சாப்பிடலையே. ரொட்டியச் சுட்டு மூடி வச்சிட்டு வந்திருக்கேன். தொடக்கூட இல்ல."

"சாயத்தண்ணிக்குச் சீனி?"

"சீனி இல்லாம அந்தக் கசப்பு எப்படிங்க எறங்கும்? உள்ளங்கையில கொஞ்சம் போட்டுக்கிட்டு நக்கிக் குடிக்கிறதுதான்."

பிள்ளைக் காம்பராவின் வாசலில் இன்னும் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாய்மாருக்காகக் கட்டிய அந்த அறையைத்தான் இன்று காலை இரத்தம் எடுக்கக் கேட்டு வாங்கியிருந்தார்.

"யாரெல்லாம் காலையில சாயத்தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார் றொனால்ட்.

ஒருவரும் கை தூக்கவில்லை.

"சரி. யாரெல்லாம் குடிக்கல?"

அதற்கும் ஒருவரும் தூக்கவில்லை. கடைசியில் நின்ற இளம்பெண் நிலக்ஷிதான் மெதுவாகச் சொன்னாள். "அது குடிக்காம எப்படிங்க சார் வெளிய வர்றது?"

தவறு அவர்களுடையதல்ல. நேற்று காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தபோது, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை இரவல் வாங்கிப் பேசியவர் இவர்தான். பதினொரு நிமிடம் பேசினார். அதில் பத்தரை நிமிடம் இன்சுலினைப் பற்றி. மிச்ச அரை நிமிடத்தில், "நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க" என்று முடித்து, கைதட்டலை எதிர்பார்த்துக் கொஞ்சம் நின்றார். குடிப்பதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வெள்ளைக்கார விஞ்ஞானி யாராவது இப்படிச் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். றொனால்ட் இதே தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஏழாம் காம்பராவில் பிறந்தவர். பத்தொன்பது வயது வரை தினமும் விடிந்ததும் உள்ளங்கைச் சீனியோடு சாயத்தண்ணி குடித்தவர். லயத்தில் கடித்து மென்றால்தான் சாப்பாடு. சாயத்தண்ணி முகம் கழுவுவது மாதிரி. முகம் கழுவியதை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?

இந்தக் கதையோடு முதலிலிருந்து நடந்து வருகிறவர்களுக்கு றொனால்டைத் தெரியும். நடுவில் ஏறியவர்களுக்காக நாலு வார்த்தை. நாற்பத்தாறு வயது. ஸ்வீடனில் ஓர் ஆய்வுகூடத்தில் நீரிழிவு பற்றி ஆராய்கிறவர். ஊரில் எல்லாரும் டாக்டர் என்பார்கள். ஓர் இருமலுக்கு மருந்து எழுதத் தெரியாது. மனைவி நிரோஜினி பிரிந்து போய் மூன்று வருடம். மகள் அவளோடு. அம்மா நான்கு வருடத்துக்கு முன் ஆறாத கால் புண்ணோடு இறந்தபோது கொரோனாவால் விமானங்கள் ஓடவில்லை. அடக்கத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தார். போன வாரம், பூண்டுலோயாவில் வாடகை வான் வண்டி பிடித்து, அக்கா மரியநாயகியின் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து இறங்கினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு.

"மாமா, மிச்ச ஏழு பேருக்கும் எடுக்கவா, விடவா?"

கேட்டது பிரியந்தி. அக்காவின் மகள். ஆஸ்பத்திரித் தாதி. மாமாவுக்காக மூன்று நாள் லீவு போட்டிருந்தாள்.

"விடு. அவங்க வேலைக்குப் போகட்டும்."

"எடுத்த முப்பத்தொன்ன?"

"தலவாக்கலையில தேயிலைய ஆராய்ச்சி பண்றாங்கல்ல, அவங்களுக்கு அனுப்பிடலாம். இதுல ரத்தத்தவிட சாயம்தான் கூட."

பிரியந்தி சிரித்தாள். றொனால்டும் சிரித்தார். நகைச்சுவை அவருக்குக் கஷ்டகாலத்தில்தான் நன்றாக வரும். சந்தோஷமான நாட்களில் அவரோடு ஒருவரும் இருப்பதில்லை, அதனால் சோதித்துப் பார்க்க முடிந்ததில்லை.

வான் சாரதி பண்டா எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். "ஐஸ் இவராய், மாத்தயா." பெட்டியில் ஐஸ் கூட முடிந்துவிட்டதாம். இனிமேல் அது எதற்கு என்று றொனால்ட் சொல்லவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஒரு நினைப்பு வந்தது. முதலில் அதைத் தள்ளிவிட்டார். போகவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்பு, இதே பிள்ளைக் காம்பராவில், இதே மாதிரி ஒரு காலையில், நாற்பத்திரண்டு பெண்களிடம் இரத்தம் எடுத்தார். அவருடைய பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்த இரத்தத்தால்தான்.

அவர் கண்டது இதுதான். நாம் சாப்பிடும் சீனி இரத்தத்தில் ஏறும்போது இன்சுலின் கிளம்பி உடம்பின் ஒவ்வொரு கலமாக, ஒவ்வொரு செல்லாகப் போய்த் தட்டுகிறது. கலத்தின் மேற்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் காத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் அதற்கு வாங்கி என்று பெயர். வாங்கி பிடித்தால்தான் கதவு திறக்கும், சீனி உள்ளே போகும். மலையகத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு, வெறும் வயிற்றில்கூட, மேற்பரப்பில் பாதி வாங்கிகள்தான் இருக்கின்றன என்று றொனால்ட் எழுதினார். சீனி வியாதி இவர்களை ஏன் இப்படித் தேடித் தேடி வருகிறது என்பதற்கு அது விடை மாதிரி இருந்தது.

வெறும் வயிற்றில் என்றால்.

வயிற்றில் சீனி இறங்கிய அரை மணி நேரத்தில் இன்சுலின் ஏறும். இன்சுலினைப் பிடித்த வாங்கிகள் அதோடு சேர்ந்து கலத்துக்குள்ளே இறங்கிவிடும். மேலே வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரம் பார்த்து எண்ணினால் ஆரோக்கியமான ஆளுக்கும் குறைவாகத்தான் தெரியும். இது றொனால்ட் தன் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

அன்றைக்கும் அவர்கள் குடித்திருந்தால், பதினொரு வருடமாக அவர் ஆராய்ந்தது ஒரு கோப்பை சாயத்தண்ணியை.

அதோடும் போகாது. அடுத்த மாதம் இங்கும் வலப்பனைப் பக்கமும் திம்புள்ளப் பக்கமும் அறுநூறு பெண்களுக்கு ஒரு புதிய மாத்திரை கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். இவர் சொன்ன குறையைச் சரிசெய்யும் மாத்திரை. நாளை மறுநாள், வியாழக்கிழமை, காணொளிக் கூட்டத்தில் இவர் சரி என்றால் தொடங்கிவிடுவார்கள்.

அழகம்மா இன்னும் வாசலில்தான் நின்றார். றொனால்ட் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, மொத தடவ நான் வந்து ரத்தம் எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கும் நீங்கல்லாம் குடிச்சிட்டா வந்தீங்க?"

அழகம்மா அவர் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன பதில் எழுதியிருக்கிறது என்று தேடுகிற பார்வை.

"அன்னிக்கா? அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரிதாங்க இருந்தோம்."

"அப்ப குடிக்கல."

"குடிக்கக்கூடாதுங்களா?"

"குடிக்கக்கூடாது."

"அப்ப குடிச்சிருக்க மாட்டோம்." கொஞ்சம் யோசித்து இரக்கத்தோடு சேர்த்தார். "தம்பி, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. எது உங்களுக்கு நல்லதோ அத எழுதிக்கிங்க. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அந்த முதல் நாளில் பெண்களை வரிசையில் நிறுத்தியவர், வேலையை மேற்பார்த்த ஆண்டியப்பன் கங்காணி. இப்போது ஓய்வில் இருந்தார். றொனால்ட் அவரைத் தேடி லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் போனார். சீனி அவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டிருந்தது. கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு வரவேற்றார்.

"வாங்க டாக்டரு. நம்ம தோட்டத்துப் புள்ள வெளிநாட்டுல பேரெடுத்திருக்குன்னா அது சும்மாவா?"

"கங்காணியய்யா, ஒரு சின்ன விசயம். அன்னிக்கு வரிசையில நின்னவங்க சாயத்தண்ணி குடிச்சிருந்தாங்களா?"

"என் வரிசையிலயா? நான் நிக்கிறப்ப ஒருத்தி வாயத் தொறப்பாளா?"

"அப்ப குடிக்கல."

"குடிச்சிருந்தா என் கண்ணுல பட்டிருக்கும்."

"உங்க கண்ணுல பட்டுச்சா?"

ஆண்டியப்பன் காலை இறக்கி வைத்து, முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். "டாக்டரு, நேராவே கேட்டுடறேன். இப்ப அவங்க குடிச்சதா இருக்கணுமா, குடிக்காததா இருக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வேணும்னா சங்கத் தலைவர்கிட்டயும் ஒண்ணு வாங்கித் தர்றேன்."

றொனால்ட் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

கோபம் வரவில்லை. கோபப்பட யாராவது எதிரில் நிற்க வேண்டும். இங்கே எல்லாரும் அவர் பக்கத்தில் அல்லவா நின்றார்கள். அவர் வாயிலிருந்து சொல் வருவதற்கு முன்பே ஆமாம் போட ஒரு தோட்டமே தயாராக இருந்தது. ஸ்வீடனில் ஒரே வீட்டில் எட்டு வருடம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறார். அங்கேகூட இவ்வளவு தனியாக இருந்ததாக நினைவில்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கோயில் பக்கம் ஏறினால் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறினார். நிரோஜினியை அழைத்தார். ஸ்வீடனில் அப்போதுதான் காலை.

"பஸ்ஸில இருக்கேன், றொனால்ட். ஏதும் முக்கியமா?"

"இல்ல. சும்மாதான்."

"அக்கா நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க."

"சரி. பின்னேரம் எடுக்கட்டா?"

"வேணாம். பெருசா ஒண்ணும் இல்ல."

பதினொரு வருடத்தை 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னது இன்று அவர் சொன்ன ஒரே துல்லியமான வாக்கியமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை. கேட்க ஆளில்லாத நகைச்சுவைக்கு அவருக்கே சிரிக்கப் பிடிப்பதில்லை.

பிள்ளைக் காம்பராவில் பிரியந்தி ஊசிகளை ஒழுங்காகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முதல் காலையில் அவளுக்குப் பதின்மூன்று வயது.

"அன்னிக்கு நீ இங்க இருந்தியா பிரியந்தி?"

"பள்ளிக்கூடம் போற வழியில எட்டிப் பாத்தேன் மாமா."

"என்ன பாத்த?"

அவள் பெட்டியை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அம்மாவக் கேளுங்க மாமா. நான் சொன்னா நல்லா இருக்காது."

அந்த நிமிடமே றொனால்டின் மனதுக்குள் விடை கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. ஆனால் கிட்டத்தட்ட என்ற சொல்லை வைத்து விஞ்ஞானம் நடக்காது. அக்கா ஆறாம் நம்பர் மலையில் இருந்தாள். றொனால்ட் காலில் ஸ்வீடன் சப்பாத்தோடு ஏறத் தொடங்கினார்.

மழை பெய்து விட்டிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை வழுக்கியது. அட்டைகள் அவரை ஏழாம் காம்பராப் பிள்ளையென்று அடையாளம் கண்டுகொண்டவை போல மேலே ஏறின. மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். மேலே செடிகளுக்கு இடையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. அக்காவுக்கு அக்கம்பக்கம் இருந்தவர்கள் இரண்டு நிரை தள்ளிப் போய்விட்டார்கள். செய்தி அவருக்கு முன்பே மலை ஏறியிருந்தது.

மரியநாயகி கையை நிறுத்தவில்லை. தலைக் கயிற்றில் பை தொங்க, இரண்டு கையாலும் இரண்டிலை ஒரு மொட்டாகக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டபடி இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது விரல்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது.

"சப்பாத்தோட யாராவது மலை ஏறுவாங்களா? பாரு, எல்லாம் வீணாப்போச்சி."

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"காதுக்குப் பின்னால அட்டை. தட்டிவிடு. அங்க இல்ல, இந்தப் பக்கம்."

தட்டிவிட்டார்.

"மொத தடவ ரத்தம் எடுத்த அன்னிக்கு..."

"பகலைக்குச் சாப்பிடக் கத்தரிக்கா வச்சிருக்கேன். ஒனக்குப் புடிக்கும்ல. பிரியந்தியப் போட்டுத் தரச் சொல்லு. எனக்குக் கொழுந்து நிறுத்துட்டு வர நேரமாகும்."

"காலையிலருந்து எல்லாருமே எனக்குப் புடிச்சதத்தான் தர்றீங்க."

அக்கா அடுத்த செடிக்கு நகர்ந்தாள். றொனால்டும் நகர்ந்தார்.

"ரத்தம் எடுக்கிற அன்னிக்குச் சாயத்தண்ணி குடிச்சிருந்தா என்ன ஆகும்னு தெரியுமா அக்கா?"

"நீதான் படிச்சவன். எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதுனது பொய்யாப் போயிடும்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. எத்தன வருசம் கஷ்டப்பட்ட. படிச்சவங்கல்லாம் சரின்னுதான சொன்னாங்க."

"அவங்க நான் எழுதுனதப் படிச்சிட்டுச் சரின்னாங்க. இங்க வந்து பாக்கல. நானும் ஒழுங்காப் பாக்கல."

நிரையின் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குமேல் தண்ணீர் ஓடும் கானும் கல்லும்தான். மரியநாயகிக்கு நகர இடமில்லை.

"அக்கா, எனக்கு நல்லது கெட்டது பாக்காத. அறுநூறு பேருக்கு மாத்திர குடுக்கப் போறாங்க. அந்தப் பட்டியல்ல நிலக்ஷி பேரு இருக்கு. ஒன் பேரும் இருக்கு. ஒடம்புல இல்லாத கொறைக்கு மருந்து. நல்ல ஒடம்ப அது என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. வியாழக்கிழம நான் சரின்னு சொன்னா முடிஞ்சிது. இந்தத் தோட்டத்துல ஒரு ஆளு எனக்கு உண்மையச் சொல்ல மாட்டேங்குது. எல்லாரும் என்னை விருந்தாளி மாதிரி நடத்துறாங்க. நீயாவது தம்பியா நடத்து."

அக்காவின் விரல்கள் நின்றன. ஒரு நாளில் அவை நிற்பதை அவர் பார்த்தது அப்போதுதான்.

கயிற்றைத் தலையிலிருந்து தூக்கிப் பையைக் கீழே வைத்தாள். கல்லில் உட்கார்ந்தாள். சேலை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிச்சாங்க."

"எல்லாருமா?"

"ஆறு மணிக்கு வர்றேன்னு சொன்ன. எட்டரைக்குத்தான் வந்த. எட்டரை வரைக்கும் பிள்ளைக் காம்பரா வாசல்ல பனியில நின்னாங்க. பொன்னையா மக கர்ப்பமா இருந்தா, நின்ன நெலையில சரிஞ்சிட்டா. என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல. பிள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாம்மா அடுப்புலயே கேத்தல வச்சேன். ஆளாளுக்கு உள்ளங்கையில சீனி போட்டேன். நான்தான் ஊத்துனேன் தம்பி. வேற யாரும் இல்ல."

கீழே எங்கோ ஒரு லொறி கியர் மாற்றி ஏறியது.

"ஏன் அக்கா சொல்லல?"

"எப்ப சொல்றது? வான்ல இருந்து எறங்குனப்ப ஒன் மொகத்தப் பாத்தேன். அந்தச் சந்தோசத்துல சொல்லவா? சாயத்தண்ணிதான, என்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன். அப்புறம் பேப்பர்ல ஒன் படம் வந்துச்சி. அப்பா அதுக்குச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டுனாரு. அப்ப சொல்லவா? நீ போன்ல பேசுறப்பல்லாம் அதப் பத்தியேதான் பேசுவ. வேற ஒண்ணும் பேச மாட்ட. அது ஒண்ணுதான் ஒனக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். அதையும் நான் புடுங்கிக்கிடவா?"

றொனால்ட் அவளுக்குப் பக்கத்தில், ஈரக் கல்லில் உட்கார்ந்தார். கால்சட்டை நனைந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அது தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, குளிர்ந்து போயிருந்தது.

நாற்பத்திரண்டு என்ற எண் மட்டும் தலையை விட்டுப் போகாமல் நின்றது.

அவர் அச்சிட்ட கட்டுரையில் நாற்பத்தொரு பேர்தான். ஒரு மாதிரியை அவரே நீக்கியிருந்தார். மற்ற எல்லாரிலும் வாங்கிகள் பாதியாக இருக்க, அந்த ஒன்றில் மட்டும் மேற்பரப்பு நிறைய இருந்தன. மற்றவற்றோடு பொருந்தவில்லை. குப்பியை எடுத்தபோது ஏதோ தவறு நடந்திருக்கும் என்று ஒரு வரி எழுதி, அதைத் தூக்கி எறிந்தார். குப்பிகளில் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது, அதுதான் முறை. அது யாருடைய இரத்தம் என்று அவருக்கு இந்த நிமிடம் வரை தெரியாது.

"அக்கா, நல்லா யோசிச்சிச் சொல்லு. ஒருத்தர்கூடவா குடிக்காம இல்ல?"

மரியநாயகி யோசிக்கவே இல்லை.

"அம்மா குடிக்கல. கோப்பைய நீட்டுனேன், தள்ளிவிட்டாங்க. மகன் வாயில ஒண்ணும் வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கான், அவன் வர்ற வரைக்கும் தண்ணிகூட வேணாம்னு, சுவத்துல சாஞ்சி ரோட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க."